கத்தி படாமல் தோலுக்குள் ஒரு பார்வை

நம் உடலின் உறுப்புகளுள் மிகப் பெரியது எது? மூளை, இதயம், கல்லீரல் என்று பலரும் பல விடைகள் சொல்வர். உண்மையில் அந்தப் பெருமை தோலுக்கே உரியது. வளர்ந்த ஒருவரின் தோலை விரித்துப் பரப்ப முடியுமானால், அது ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் இடத்தை அடைக்கும். எப்போதும் நம் கண்ணெதிரே இருக்கும் உறுப்பு அது. ஆயினும், தோலில் வந்த ஒரு நோயைக் கண்ணால் பார்த்து, "இது எவ்வளவு கடுமையானது?" என்று சரியாகச் சொல்வது எளிதன்று. இதற்கு இயற்பியல், குறிப்பாக ஒளியியல், எவ்வாறு துணை நிற்கிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சோரியாசிஸ் என்னும் நோயை எடுத்துக்கொள்வோம். சித்த மருத்துவத்தில் இதைக் காளாஞ்சகப்படை என்பர். முழங்கை, முழங்கால், தலை, முதுகு ஆகிய இடங்களில் தடித்த திட்டுகள் தோன்றும். அவற்றின் மேல் வெள்ளி போன்ற செதில்கள் படிந்து உதிரும். அரிப்பும் இருக்கும். உலகில் பத்துக் கோடிப் பேருக்குக் குறையாமல் இந்நோய் உள்ளது என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

ஒன்றை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். சோரியாசிஸ் தொற்றுநோய் அன்று. தொட்டாலோ, அருகில் அமர்ந்தாலோ, ஒரே தட்டில் உண்டாலோ அது பரவாது. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அமைப்பே தடுமாறித் தன் தோலையே தூண்டிவிடுவதால் வருவது அது. இது தெரியாமல் சிலர் இதைத் தொழுநோய் என்று எண்ணி அஞ்சி ஒதுங்குகின்றனர். தொழுநோயின் திட்டில் உணர்ச்சி குறைந்திருக்கும். சோரியாசிஸ் திட்டில் உணர்ச்சி நன்றாகவே இருக்கும். உங்கள் வகுப்பில் ஒரு மாணவரின் முழங்கையில் இத்தகைய திட்டு இருந்தால், அவர் பக்கத்தில் தாராளமாக உட்காரலாம்.

தோலின் நெசவு

தோலை இரண்டு முக்கிய அடுக்குகளாகப் பிரிக்கலாம். மேலே இருப்பது மேல்தோல். உடலின் பெரும்பாலான இடங்களில் இதன் தடிப்பு 0.1 மில்லிமீட்டர் அளவே. அதில் இரத்த நாளங்கள் இல்லை. நம் நிறத்துக்குக் காரணமான மெலனின் என்னும் நிறப்பொருள் அங்கேதான் உள்ளது. கீழே இருப்பது உள்தோல். இரத்த நாளங்களும் நரம்புகளும் அதில்தான் ஓடுகின்றன. உள்தோலுக்கு வலுவூட்டுவது கொல்லஜன் என்னும் புரத இழை. இந்த இழையின் மூலக்கூறு முப்புரிக் கயிறுபோல் முறுக்கப்பட்டது என்ற உண்மை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955 ஆண்டுகளில் கண்டறிந்து உலகுக்கு அளித்தது.

மேல்தோலும் உள்தோலும் தட்டையாக ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதில்லை. காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலையில் உடலையும் கரையையும் இணைக்கும் 'கோர்வை' வேலையைப் பார்த்திருக்கிறீர்களா? இரு நிற நூல்களும் கோபுரம் கோபுரமாக ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து பிடித்துக்கொண்டிருக்கும். தோலின் இரு அடுக்குகளும் ஏறக்குறைய அப்படியே மேடும் பள்ளமுமாகக் கோத்துக் கிடக்கின்றன. உள்தோலின் ஒவ்வொரு கூம்பின் உள்ளும் ஒரு சிறு இரத்த நாளம் கொண்டை ஊசிபோல் வளைந்து ஏறி இறங்குகிறது.

மேல்தோலின் அடியில் பிறக்கும் செல், மெல்ல மேலே வந்து உதிர்வதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். சோரியாசிஸ் திட்டில் இப்பயணம் மூன்று முதல் ஐந்து நாட்களில் முடிந்துவிடுகிறது. முதிராத செல்கள் மேலே வந்து குவிகின்றன. அவையே செதில்கள். மேல்தோல் பல மடங்கு தடிக்கிறது. கோர்வையின் கோபுரங்கள் நீள்கின்றன. கூம்புகளுக்குள் இருக்கும் நாளங்கள் விரிந்து முறுக்கிக்கொள்கின்றன. ஆக, நோயை அளக்க மூன்று அடையாளங்கள் கிடைக்கின்றன: செதில், தடிப்பு, சிவப்பு.

கண் போடும் கணக்கு

இம்மூன்றையும் எண்ணால் குறிக்கும் முறை ஒன்றை 1978-இல் பிரெட்ரிக்ஸன், பெட்டர்ஸன் என்ற இருவர் வகுத்தனர். 'பாசி' மதிப்பெண் என்று அதற்குப் பெயர். செதில், தடிப்பு, சிவப்பு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். நோய் பரவியுள்ள பரப்புக்கு 0 முதல் 6 வரை. தலைக்கு 0.1, கைகளுக்கு 0.2, நடுவுடலுக்கு 0.3, கால்களுக்கு 0.4 என்று எடை. முதல் மூன்றையும் கூட்டி, பரப்பு மதிப்பெண்ணாலும் எடையாலும் பெருக்கி, நான்கு பகுதிகளையும் சேர்க்க வேண்டும். மிக அதிகமான மதிப்பு 72. அது எப்படி வருகிறது என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். பொதுவாக 10-ஐத் தாண்டினால் நோய் கடுமையானது எனக் கொண்டு, வலிமையான மருத்துவத்தைப் பற்றி மருத்துவர் எண்ணுவார்.

இப்போது ஓர் உதாரணக் கணக்கு. ஒருவருக்குக் கைகளிலும் கால்களிலும் மட்டும் நோய். சிவப்பு 3, தடிப்பு 2, செதில் 2, ஆக 7. பரப்பு மதிப்பெண் இரண்டிலும் 3. கைகளுக்கு 7 × 3 × 0.2 = 4.2. கால்களுக்கு 7 × 3 × 0.4 = 8.4. மொத்தம் 12.6. இதே நோயாளியின் சிவப்பை மற்றொருவர் 3 என்று மதிக்காமல் 1 என்று மதித்தால் என்ன ஆகும்? கைகளுக்கு 3.0, கால்களுக்கு 6.0, மொத்தம் 9.0. எல்லைக்கோடு 10. ஒரே தோல், ஒரே நோய். ஆனால் ஒரு கணக்கில் கடுமை, மறு கணக்கில் சாதாரணம்!

அப்படி மாறி மதிப்பிட யார் போகிறார் என்று எண்ண வேண்டாம். வெள்ளைத் தோலில் சோரியாசிஸ் திட்டு ரோஜா நிறமாகப் பளிச்சென்று தெரியும். நம்மைப் போன்ற பழுப்புத் தோலில் அதே திட்டு கருஞ்சிவப்பாகவோ, ஊதாவாகவோ, சாம்பல் கலந்த பழுப்பாகவோ தோன்றும். சிவப்பு இல்லாமல் போகவில்லை. மெலனின் அதை மறைக்கிறது. இதனால் கரிய தோலில் நோயின் கடுமை குறைத்து மதிப்பிடப்படும் அபாயம் உண்டு. மருத்துவப் புத்தகங்களின் வண்ணப் படங்களும் பெரும்பாலும் வெள்ளைத் தோலையே காட்டி வந்தன. தோலை ஒளி தாங்கும் திறனுக்கேற்ப வகைப்படுத்தும் பிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் 1975-இல் தோன்றியது. சோரியாசிஸ் நோயாளிகளுக்குக் கொடுக்க வேண்டிய புற ஊதாக் கதிரின் அளவை முடிவு செய்வதற்காகத்தான் அது தேவைப்பட்டது. அதுவும் முதலில் வெள்ளைத் தோலை மட்டும் கருதியே வகுக்கப்பட்டது. பழுப்பு, கறுப்புத் தோலுக்கான வகைகள் பின்னர்ச் சேர்க்கப்பட்டன.

கண்ணை நம்ப முடியாவிட்டால், ஒரு துணுக்குத் தோலை வெட்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கலாமே என்பீர்கள். ஐயம் உள்ளபோது மருத்துவர்கள் அவ்வாறு செய்வது உண்டு. ஆனால் மருந்து வேலை செய்கிறதா என்று அறிய வாரந்தோறும் வெட்ட முடியாது. மேலும், சோரியாசிஸ் உள்ளவரின் நல்ல தோலில் காயம் பட்டால், அக்காயத்திலேயே புதிய திட்டு தோன்றலாம். இதை 19-ஆம் நூற்றாண்டில் ஹைன்ரிக் கோப்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் எடுத்துக் காட்டினார். சரிகையில் வெள்ளி எவ்வளவு என்று அறிய நூலை அறுத்துக் கரைக்காமல் எக்ஸ் கதிர் செலுத்திப் பார்க்கும் முறை உண்டல்லவா? தோலுக்கும் அப்படி ஒரு சிதைக்காத சோதனை வேண்டும்.

எண்ணெய் செய்யும் வித்தை

தோலின் மேல் விழும் ஒளிக்கு என்ன நேர்கிறது? காற்றின் ஒளிவிலகல் எண் 1. தோலின் மேற்பரப்பில் அது ஏறத்தாழ 1.5. ஒளி செங்குத்தாக விழும்போது இவ்வெல்லையில் சுமார் 4 சதவிகிதம் திரும்பிவிடும். மீதி உள்ளே நுழையும். ஆனால் சோரியாசிஸ் செதில்களுக்கு இடையில் காற்று புகுந்துள்ளது. ஒவ்வொரு செதிலுக்கும் இரண்டு எல்லைகள். பத்துச் செதில்கள் அடுக்காக இருந்தால் இருபது எல்லைகள். ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாகத் திரும்பி, ஏறத்தாழப் பாதி ஒளி மேலேயே எதிரொளித்துவிடும். செதில் வெள்ளியாக மின்னுவதன் காரணம் இதுவே. அங்கே வெள்ளி நிறப் பொருள் எதுவும் இல்லை!

அச்செதிலின் மேல் ஒரு துளி எண்ணெய் விட்டால் காற்று இருந்த இடத்தை எண்ணெய் பிடிக்கும். எண்ணெயின் ஒளிவிலகல் எண் தோலினதற்கு நெருங்கியது. எல்லைகள் மறையும், ஒளி உள்ளே செல்லும். எண்ணெய் பட்ட பலகாரக் காகிதம் ஊடொளி விடுவது இதே காரணத்தால்தான். இந்த உண்மையைப் பயன்படுத்தி உருவானதே தோல்நோக்கி. 1920-இல் யோஹன் சாபியர் என்பவர் இம்முறையை விரிவாக ஆராய்ந்து எழுதினார். இன்று கைக்கு அடக்கமான, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் தோல்நோக்கிகள் வந்துவிட்டன. பலவற்றில் எண்ணெய்க்குப் பதிலாக, ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த இரண்டு முனைவாக்கித் தகடுகள் உள்ளன. மேற்பரப்பிலேயே திரும்பும் ஒளி தன் முனைவாக்கத்தை மாற்றிக்கொள்வதில்லை. ஆகவே இரண்டாம் தகடு அதைத் தடுத்துவிடும். உள்ளே சென்று பலமுறை சிதறிய ஒளி முனைவாக்கத்தை இழந்துவிடுவதால் அதில் ஒரு பகுதி தப்பி வரும். இவ்வழியாகச் சோரியாசிஸ் திட்டைப் பார்த்தால், ஒரே சீராகப் பரவிய சிவப்புப் புள்ளிகள் தெரியும். கோர்வைக் கூம்புகளின் உச்சியில் முறுக்கிக் கிடக்கும் நாளங்களே அப்புள்ளிகள்.

இரண்டு விளக்குகள், இரண்டு சமன்பாடுகள்

பார்த்தாயிற்று. அளப்பது எப்படி? மெலனினும் இரத்தத்தின் ஹீமோகுளோபினும் ஒளியை உட்கவர்கின்றன. ஆனால் ஒரே விதமாக அல்ல. மெலனின் நீலத்தை மிகுதியாகவும், பச்சையை அதைவிடக் குறைவாகவும், சிவப்பை இன்னும் குறைவாகவும் உட்கவரும். ஆக்சிஜன் ஏற்ற ஹீமோகுளோபினோ 542, 577 நானோமீட்டர் அலைநீளங்களில், அதாவது பச்சையிலும் மஞ்சளிலும், இரு உச்சங்கள் கொண்டது. சிவப்பை அது மிகக் குறைவாகவே உட்கவரும். இந்த வேறுபாடுதான் நமக்குக் கிடைத்த திறவுகோல்.

எளிய எண்களால் விளக்குவோம். மெலனின் அளவு ம, இரத்தத்தின் அளவு இ என்க. பச்சை ஒளியில் உட்கவர்தல் 3ம + 5இ என்றும், சிவப்பு ஒளியில் 2ம என்றும் வைத்துக்கொள்வோம். வெள்ளைத் தோலர் ஒருவரிடம் சிவப்பில் 2, பச்சையில் 8 என்று கருவி காட்டுகிறது. எனவே ம = 1, இ = 1. பழுப்புத் தோலர் ஒருவரிடம் சிவப்பில் 6, பச்சையில் 14. எனவே ம = 3; 9 + 5இ = 14 என்பதால் இ = 1. இருவருக்கும் இரத்தம் ஒரே அளவு! கண் இதைக் கண்டுகொள்ளாது. கருமையை மட்டுமே காணும். எட்டாம் வகுப்பு இயற்கணிதம் கண்டுகொள்கிறது.

உண்மையில் தோலுக்குள் ஒளி நேர்கோட்டில் செல்வதில்லை. கொல்லஜன் இழைகளில் மோதிச் சிதறிச் சிதறி அலைகிறது. ஆகையால் இரண்டு அலைநீளங்கள் போதாமல் பல அலைநீளங்களில் படம் எடுத்துக் கணிப்பொறியால் சமன்பாடுகளைத் தீர்க்கின்றனர். அடிப்படை மட்டும் இதுவே.

இம்முறையில் ஓர் எச்சரிக்கையும் தேவை. கொரோனாக் காலத்தில் விரலில் மாட்டி ஆக்சிஜன் அளந்த சிறு கருவியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஜப்பானியப் பொறியியலார் தகுவோ அவோயகி 1974-இல் வெளியிட்ட கருத்திலிருந்து வளர்ந்தது அது. அதுவும் இரண்டு விளக்குகள், சமன்பாடுகள் என்ற முறையில்தான் இயங்குகிறது. ஆனால் 2020-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஆக்சிஜன் குறைந்திருப்பதை இக்கருவி காட்டத் தவறுவது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று கண்டது. சமன்பாட்டின் எண்களை எந்தத் தோலை வைத்துக் கண்டுபிடித்தோம் என்பது அவ்வளவு முக்கியம்.

ஒளியின் எதிரொலி

அடுத்தது தடிப்பு. கிணற்றுக்குள் குரல் கொடுத்து, எதிரொலி வரும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணிக்கலாம். தோலுக்குள் ஒளியை அனுப்பி அவ்வாறே செய்ய இயலுமா? மேல்தோலின் ஆழம் 0.1 மில்லிமீட்டர். ஒளி சென்று திரும்ப ஆகும் நேரம், ஒரு வினாடியை லட்சங்கோடிக் கூறாக்கினால் அதில் ஏறக்குறைய ஒரு கூறு. இதைக் கடிகாரத்தால் அளப்பது மிகக் கடினம். எனவே ஒளியின் குறுக்கீட்டு விளைவைத் துணைக்கு அழைத்தனர்.

மைக்கல்சன் 1881-இல் அமைத்த குறுக்கீட்டுமானியைக் கல்லூரியில் பயில்வீர்கள். ஓர் ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றை ஒரு கண்ணாடிக்கும் மற்றொன்றைப் பொருளுக்கும் அனுப்பி, திரும்பி வருபவற்றை ஒன்று சேர்ப்பது அது. ஒரே அலைநீளம் கொண்ட லேசருக்குப் பதிலாகப் பல அலைநீளங்கள் கலந்த ஒளியைப் பயன்படுத்தினால், இரு பாதைகளும் ஏறக்குறையச் சமமாக இருந்தால் மட்டுமே குறுக்கீட்டு வரிகள் தோன்றும். ஆகவே கண்ணாடியை நகர்த்த நகர்த்த, தோலின் ஒவ்வோர் ஆழத்திலிருந்தும் வரும் ஒளியைத் தனித்தனியே பிரித்தறியலாம். 1300 நானோமீட்டரை மையமாகக் கொண்டு 100 நானோமீட்டர் அகலமுள்ள ஒளியானால் சுமார் 7 மைக்ரான் வரை பிரித்தறிய முடியும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று.

இம்முறைக்கு ஒளியியல் ஒத்திசைவு வெட்டுப்படம், சுருக்கமாக ஓ.சி.டி., என்று பெயர். 1991-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் புஜிமோட்டோ முதலியோர் இதை உருவாக்கினர். கண் மருத்துவமனைகளில் விழித்திரையைப் பார்க்க இன்று இது அன்றாடக் கருவி. தோலில் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழம் வரை எட்டும். சோரியாசிஸ் திட்டின் மேல்தோல் தடித்திருப்பதையும், மருத்துவத்தால் அது வாரம் வாரமாக மெலிவதையும் இதனால் மைக்ரான் கணக்கில் அளக்கலாம். ஒரே இடத்தை அடுத்தடுத்துப் படம் எடுத்து, எது மாறுகிறது என்று பார்த்தால், ஓடும் இரத்தம் உள்ள நாளங்கள் மட்டும் தனியே தெரியும். 1300 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை மெலனின் மிகக் குறைவாகவே உட்கவர்வதால், தோலின் நிறம் இங்கே பெரிய தடையன்று.

மெலனின் எதிரியாக அன்றி நண்பனாக உதவும் இடமும் உண்டு. மார்வின் மின்ஸ்கி 1957-இல் காப்புரிமை கோரிய பொதுக்குவிய நுண்ணோக்கி, ஊசித்துளை ஒன்றின் உதவியால் ஒரே தளத்து ஒளியை மட்டும் ஏற்கும். 1995-இல் பாஸ்டன் நகரில் மிலிந்த் ராஜாத்யக்ஷா குழுவினர் இதைக் கொண்டு உயிருள்ள மனிதத் தோலின் செல்களைக் கண்டனர். செல்களை அதில் பளிச்சென்று காட்டியது மெலனின்தான். அதன் ஒளிவிலகல் எண் சுற்றியுள்ளவற்றைவிட அதிகம் என்பதே காரணம். ஆனால் இக்கருவி 0.2, 0.3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் எட்டாது.

ஒளி கொடுத்து ஒலி வாங்குதல்

விட்டு விட்டு விழும் ஒளி ஒரு பொருளில் ஒலியை எழுப்பும் என்பதை 1880-இல் கண்டவர், தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல். பச்சை லேசர்த் துடிப்பு ஒன்றை மிகக் குறுகிய நேரம் தோலில் பாய்ச்சினால், அதை உட்கவரும் இரத்த நாளம் நுண்ணளவு சூடேறி விரிந்து, செவிக்குப் புலப்படாத ஒலியை எழுப்பும். ஒளியைப் போல ஒலி திசுவில் அவ்வளவாகச் சிதறுவதில்லை. ஆகவே படம் தெளிவாகக் கிடைக்கும். 2017-இல் ஜெர்மனியின் மியூனிக் நகர ஆராய்ச்சியாளர்கள் இம்முறையால் சோரியாசிஸ் திட்டின் மேல்தோல் தடிப்பையும் அதன் கீழ் உள்ள நாளங்களையும் சேர்த்தே படம் பிடித்து அளந்தனர். மெலனினும் ஒலி எழுப்பும் அல்லவா என்று கேட்பீர்கள். எழுப்பும். ஆனால் மெலனின் மேலே உள்ளது. நாளம் கீழே உள்ளது. மேலிருந்து வரும் ஒலி முந்தும். கீழிருந்து வருவது பிந்தும். வந்து சேரும் நேரமே இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும்.

செய்து பாருங்கள்

நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடும் பிரவுன் ஷீட் ஒரு துண்டும் வெள்ளைத் தாள் ஒரு துண்டும் எடுங்கள். இரண்டிலும் சிவப்பு மையால் சிறு புள்ளிகள் வையுங்கள். வெள்ளைத் தாளில் சிவப்பு பளிச்சென்றும் பிரவுன் ஷீட்டில் மங்கியும் தோன்றும். இப்போது சிவப்புக் கண்ணாடித்தாள் வழியாகப் பாருங்கள். புள்ளிகள் ஏறக்குறைய மறைந்துவிடும். தாளின் பின்னணியே தெரியும். பச்சைக் கண்ணாடித்தாள் வழியாகப் பாருங்கள். இரண்டிலும் புள்ளிகள் கறுத்துத் தெரியும். புள்ளியை இரத்தம் என்றும் தாளை மெலனின் உள்ள தோல் என்றும் வைத்துக்கொண்டால், மேலே சொன்ன இரண்டு விளக்குகளின் வேலையை நீங்களே செய்துவிட்டீர்கள்.

எஞ்சியிருக்கும் பணி

இக்கருவிகள் எல்லாம் குறையற்றவை அல்ல. ஓ.சி.டி. வடிவத்தைக் காட்டுமே தவிர, எந்த வேதிப்பொருள் என்று சொல்லாது. தடித்த செதில் ஒளியைச் சிதறடித்துப் படத்தைக் கலைக்கும். விலையும் அதிகம். ஆகவே பெரும்பாலான தோல் மருத்துவர்களின் கையில் இன்று இருப்பது சிறு தோல்நோக்கியே. நோயைத் தீர்மானிப்பதும் மருந்தைத் தேர்வதும் மருத்துவரின் அறிவுதான். கருவி அவருக்குத் தருவது எண்.

அந்த எண் எல்லாத் தோலுக்கும் சரியாக இருக்க வேண்டுமானால், எல்லாத் தோலையும் அளந்து பார்த்திருக்க வேண்டும். 3ம + 5இ என்ற நம் உதாரணத்தில் 3-ம் 5-ம் எங்கிருந்து வந்தன என்று கேளுங்கள். பாஸ்டனிலும் மியூனிக்கிலும் கண்ட எண்கள் காஞ்சிபுரத்திலும் மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் பொருந்துமா என்பதை இங்கேதான் சோதிக்க வேண்டும். அதற்கு இயற்பியல் அறிந்தவரும், மருத்துவம் அறிந்தவரும், கணிப்பொறி அறிந்தவரும் ஒன்றாக உழைக்க வேண்டும். உங்களுள் சிலர் நாளை அப்பணியில் ஈடுபடலாம். அதற்கு வேண்டிய முதல் பாடங்களான ஒளிவிலகல், முனைவாக்கம், குறுக்கீடு ஆகியவை உங்கள் பாடப்புத்தகங்களிலேயே வருகின்றன.